காலை எட்டே முக்கால் வரிசை

வடசென்னையில் நான் வேலை பார்க்கும் பெண்கள் கல்லூரியில், நூலகத்துக்கு வெளியே வராந்தாவில் ஒரு வெண்டிங் மெஷின் இருக்கிறது. காலை எட்டே முக்காலுக்கெல்லாம் அதன் முன்னால் வரிசை கட்டி நிற்பார்கள். ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. அதற்குள் பத்து ரூபாய் சிப்ஸும் பத்து ரூபாய் பிஸ்கட்டும் இருக்கிற தட்டுகள் பாதி காலியாகிவிடும். மத்தியானம்கூட அவ்வளவு கூட்டம் இருக்காது. நான் சிங்கப்பூரில் பிறந்து, திரும்பிய பக்கமெல்லாம் மெஷின் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் விடிந்த கையோடு பசியோடு ஒரு மெஷின் முன்னால் இத்தனை பெண்கள் நின்று நான் பார்த்ததில்லை. இது ஏன் என்று விசாரித்துக்கொண்டே போனதில்தான் இந்த ஊர் எனக்கு மெல்லப் பிடிபட ஆரம்பித்தது.

நாங்கள் தண்டையார்பேட்டைக்குக் குடிவந்தது மாமாவுக்காக, அதாவது என் மாமனாருக்காக. என் கணவர் இந்தப் பகுதிக்காரர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அத்தை ஒருத்தியால் அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியாது. சரி, போய்விடலாம் என்று முடிவெடுத்தோம். என் கணவருக்கு அது ஊர் திரும்புவது. எனக்கு அப்படி இல்லை. என் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போன குடும்பம் எங்களுடையது. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையுமாக வந்து இறங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா, "சொந்த மண்ணுக்கு வந்துட்ட, இனிமே இன்னா கவலை?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மனசாரச் சொன்னார். ஆனால் தண்ணீர் எந்நேரம் வரும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையை எப்படிக் கடப்பது, யாரை அண்ணா என்பது, யாரை சார் என்பது என்று எல்லாமே நான் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிய மெட்ரோ மட்டும்தான் எனக்குப் பழகியதாக இருந்தது. ஆரம்பத்தில் வேலை எதுவும் இல்லாவிட்டாலும் அதில் ஏறி இரண்டு ஸ்டேஷன் போய்விட்டு வருவேன்.

கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தபோது, வராந்தாவில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. ஆனால் அதில் ஒரு பிஸ்கட் வாங்க என்னால் முடியவில்லை. நோட்டு போட வழியில்லை, காசு போடத் துளையில்லை. எண்ணை அழுத்தினால் திரையில் ஒரு கியூஆர் குறியீடு வரும், கைபேசியில் யுபிஐ வழியாகப் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். யுபிஐ வேண்டுமென்றால் இந்திய வங்கிக் கணக்கு வேண்டும், அதோடு இணைந்த கைபேசி எண் வேண்டும். எனக்கு அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. பையில் ரூபாய் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்ற பெண், "நகருங்க மேம், நான் போடறேன்" என்று தன் கைபேசியை நீட்டினாள். உள்ளே ஸ்பிரிங் ஒரு சுற்று சுற்றி, பாக்கெட் தொப்பென்று விழுந்தது. "அப்புறம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். பெயர்கூடச் சொல்லவில்லை. இந்த ஊரில் எனக்கு வீட்டுக்கு வெளியே கிடைத்த முதல் உறவு அவள்தான். கொருக்குப்பேட்டைப் பெண், வரலாறு மூன்றாம் ஆண்டு. இன்றும் நூலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில்தான் உட்காருவாள்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்த்ததும் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியின் நூலகத்தில்தான். அங்கே மெஷினுக்குக் கூட்டம் சேர்வது ராத்திரியில். உணவகக் கடைகள் சாயங்காலமே ஒவ்வொன்றாகச் சாத்திவிடும். தேர்வு நேரத்தில் பிள்ளைகள் படிப்பறையை விட்டு எழ மாட்டார்கள். அவர்களுக்கு ஒன்பது மணிக்கு மைலோ, பத்து மணிக்கு சோயா பால், அதற்கும் மேலே கப் நூடுல்ஸ் என்று கொடுத்தது மெஷின்தான். அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் மெஷின் இருக்கும். கண் முன்னாலேயே முழு ஆரஞ்சுப் பழங்களைப் பிழிந்து கோப்பையில் தரும் மெஷின்கூட உண்டு. 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. சர்க்கரையும் நிறைகொழுப்பும் எவ்வளவு என்பதை வைத்துத் தரம். சி, டி வாங்கிய பானம் அதைத் தன் மேலேயே காட்டிக்கொள்ள வேண்டும், டி வாங்கியதற்கு விளம்பரம் செய்யக் கூடாது. பொத்தானை அழுத்தப் போகும் விரல் அந்த எழுத்தைப் பார்த்துத் தயங்கி, பக்கத்துப் பொத்தானுக்கு நகர்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

விலை விஷயத்தில் இந்தியா எனக்கு நிறையப் பிடித்துப்போனது. அங்கே ஒரே டப்பா பானம் ஒரு மெஷினில் ஒரு விலை, அடுத்த கட்டடத்து மெஷினில் வேறு விலை. இங்கே பாக்கெட்டிலேயே எம்ஆர்பி அச்சடித்திருக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி தப்பு. ஐந்து, பத்து, இருபது என்று முழுத் தொகையாக வைத்திருக்கிறார்கள். எண்ணெய் விலை ஏறினாலும் பத்து ரூபாய்ப் பாக்கெட் பத்து ரூபாயாகவே இருக்கும், உள்ளே இருக்கும் கிராம் மட்டும் குறையும். எங்கள் பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். "பாதி காத்துதான் மேம்" என்பார்கள். அந்தக் காற்று நைட்ரஜன், சிப்ஸ் நமுத்துப் போகாமலும் நொறுங்காமலும் இருக்க அடைப்பது என்று வேதியியல் பெண் ஒருத்தி எல்லோருக்கும் விளக்கினாள். விளக்கம் கேட்ட பிறகும் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பிரிக்கிறார்கள்.

சரி, காலை வரிசைக்கு வருகிறேன். அதில் நிற்பவர்களில் நிறையப் பேர் கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் வருகிறவர்கள். பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம். அந்தத் தண்டவாளத்தில்தான் வடக்கே போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றுக்கு வழிவிட்டு மின்சார ரயில் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு வண்டி முன்கூட்டியே கிளம்புகிறார்கள். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்குகிறாள். அவள் அம்மா அதற்கும் முன்னால் கம்பெனி வேனுக்குப் போய்விடுகிறார். அடுப்பில் சோறு வடித்து வைத்திருப்பார், குழம்பு பெரும்பாலும் ராத்திரிக் குழம்பு. டப்பாவில் கட்டி எடுத்துக்கொள்கிறாள், அது மத்தியானத்துக்கு. "காலைல சாப்ட்டா ரயில் போயிரும் மேம்" என்றாள். காசிமேட்டிலிருந்து நடந்து வரும் பெண்களின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அம்மா விடியலுக்கு முன்னாலேயே மீன் ஏலத்துக்குப் போய்விட்டிருப்பார், வீட்டில் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைக் கிளப்புவதும் இவள் பொறுப்பு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குள் கால் வைத்ததும் இந்தப் பிள்ளைகளின் பசியைக் கவனிக்க ஆள் இல்லாமல் போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். இதே ஊரில்தான், 1920இல், மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். காமராஜர் அதை ஊரெல்லாம் கொண்டுபோனார், எம்ஜிஆர் 1982இல் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளியில் காலை உணவும் வந்துவிட்டது. எங்கள் தெரு மாநகராட்சிப் பள்ளியில் காலையில் ரவை உப்புமா வாசனை வருகிறது. அதைத் தாண்டித்தான் பிள்ளைகளின் அக்காக்கள் வெறும் வயிற்றோடு கல்லூரிக்கு நடக்கிறார்கள். தியாகராயர் பெயரிலேயே பழைய வண்ணாரப்பேட்டையில் 1950லிருந்து ஒரு கல்லூரி நடக்கிறது, மெட்ரோ நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். ரயில் அங்கே நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது ஞாபகத்துக்கு வரும்.

கையில் காசு வந்ததும் ஒரு காரணம். 2022 செப்டம்பர் 5 அன்று, எங்கள் கல்லூரியிலிருந்து அதிக தூரமில்லாத பாரதி மகளிர் கல்லூரியில்தான் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அவள் கணக்குக்கு என்பது முக்கியம். பெரும்பகுதியை அம்மா கையில் கொடுத்துவிடுகிறார்கள், சிலர் ரயில் சீசன் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் இருப்பதில் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று மெஷினுக்குப் போகிறது. அப்பாவிடம் கேட்காமல், அண்ணனிடம் கணக்கு ஒப்பிக்காமல், தானே எண்ணை அழுத்தி, தானே பணம் கட்டி வாங்குவது அவர்களில் பலருக்கு முதல் அனுபவம். பொத்தானை அழுத்தும்போது அந்த முகங்களைப் பார்த்தால் எனக்கு இது வெறும் தீனி விஷயமாகத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணத்தை அவர்களே சொல்லவில்லை. நான் டீக்கடையில் நின்ற பிறகுதான் புரிந்தது. சிங்கப்பூரில் காப்பிக் கடையில் யாரும் உட்காரலாம். வேலை முடிந்து தனியாக உட்கார்ந்து, நுரை வர ஆற்றிய தே தாரே டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவது எனக்குப் பழக்கம். இங்கே கல்லூரி வாசலுக்கு எதிரே நல்ல டீக்கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடி ஜாடியில் பொறை, வருக்கி, தேங்காய் பன்; தட்டில் சுடச்சுட சமோசா. நான் போய் நின்றதும் பேச்சு நின்றது. யாரும் தவறாக நடந்துகொள்ளவில்லை. ஒருவர் பெஞ்சைவிட்டு எழுந்து இடம்கூடக் கொடுத்தார். ஆனாலும் அங்கே நின்ற அத்தனை பேரும் ஆண்கள். நான் குடித்து முடிக்கும் வரை அவர்களும் சங்கடப்பட்டார்கள், நானும் சங்கடப்பட்டேன். வீட்டில் சொன்னபோது அத்தை கோபமில்லாமல், "ஏம்மா, நம்ம வூட்ல டீ இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

பதினெட்டு வயதுப் பெண் அங்கே நின்று டீயும் பொறையும் சாப்பிட வேண்டுமென்றால் அவள் கடக்க வேண்டிய தூரம் சாலையின் அகலம் மட்டுமல்ல. யாராவது பார்ப்பார்கள், யாராவது அப்பாவிடம் சொல்வார்கள். வடசென்னையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், ராத்திரி வேளையில் அதன் அருமையை நானே உணர்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு சமோசா வாங்கக்கூட அது தடையாகிறது. ஆண்கள் கல்லூரிப் பையன்கள் காலையில் எதிர்க்கடையில் சூடாக எதையாவது தின்றுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். பெண்களுக்கு வராந்தா மெஷின். அது "யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்காது. "இந்த நேரத்துல இன்னா தீனி?" என்றும் கேட்காது. அதனால்தான் அதன் முன்னால் வரிசை நிற்கிறது. உள்ளே இருக்கும் பண்டம் ருசியானது என்பதால் இல்லை என்பதை அந்தப் பெண்களே ஒத்துக்கொள்வார்கள்.

வாங்கிய பிறகு அவர்கள் சாப்பிடும் விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் ஒரு பாக்கெட் என்றால் ஒரு ஆள். வாயைக் கிழித்து, கையை உள்ளே விட்டு, காதில் பாட்டோடு தனியாகத் தின்பார்கள். இங்கே பாக்கெட்டை மேலே கிழிப்பதே இல்லை. முதுகில் ஒட்டியிருக்கும் தையலைப் பிடித்து இழுத்து, முழுவதையும் தட்டையாக விரித்து, ரெக்கார்டு நோட்டின் மேல் வைத்துவிடுகிறார்கள். வெள்ளி நிற உட்புறம் தட்டாகிவிடும். சுற்றி நாலு கை, ஐந்து கை. கடைசியில் மூலையில் தங்கும் மசாலாத் தூளை யார் எடுப்பது என்பதில் ஒழுங்கு உண்டு: பணம் போட்டவள் எடுக்க மாட்டாள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவளிடம் தள்ளிவிடுவாள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாள் மெல்ல அந்தப் பக்கம் நகரும்.

மாமாவிடம் இதையெல்லாம் சாயங்காலம் சொல்வேன். பேச்சு குழறினாலும் அவருக்கு எல்லாம் புரியும். அவரும் தியாகராயர் கல்லூரியில்தான் எழுபதுகளில் படித்தார். அவர் காலத்து மெஷின், சென்ட்ரல் ஸ்டேஷன் எடை பார்க்கும் மெஷின். ஏறி நின்று காசு போட்டால் வண்ண விளக்குகள் சுழலும், கடகடவென்று சத்தம் கேட்கும், சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். கல்லூரிப் பையன்கள் எடை பார்க்கப் போகவில்லை, ஜோசியத்துக்காகத்தான் சேர்ந்து போனார்களாம். "உனக்கு நல்ல காலம் வருதுன்னு போட்டிருந்துச்சு" என்று ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். யோசித்துப் பார்த்தால் இந்த வியாபாரமே ரயிலுக்குக் காத்திருப்பவர்களை நம்பி வளர்ந்ததுதான். 1888இல் நியூயார்க் ரயில் நடைமேடைகளில் சூயிங்கம் விற்கும் மெஷின்களை வைத்தார்கள். சூயிங்கம் இறக்குமதியை 1992இல் தடை செய்த நாட்டில் வளர்ந்த நான் இதை மாமாவுக்குச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அத்தை பார்த்ததில்லையாம்.

இந்தத் தீனி உடம்புக்கு நல்லது இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்பு அதிகம், எண்ணெய் அதிகம், பசியை அரை மணி நேரம் ஏமாற்றும், அவ்வளவுதான். பத்தரை மணி வகுப்பில் கண்கள் சொருகும் என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2016இலும், மறுபடி 2018இலும், கல்லூரி வளாகங்களில் ஜங்க் ஃபுட் விற்பனையைத் தடை செய்யுமாறு சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளிகளுக்கு 2020இல் விதியே வந்துவிட்டது: கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நியாயம்தான். ஆனால் எங்கள் வராந்தாவில் நாளைக்கே அந்த மெஷினை எடுத்துவிட்டால் மீஞ்சூர்ப் பெண் காலையில் இட்லி சாப்பிட்டுவிடப் போவதில்லை. ஒன்றும் சாப்பிடாமல் உட்காருவாள். எடுக்கச் சொல்கிறவர்கள் அந்த இடத்தில் என்ன வைப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் மெஷினை நிரப்ப வரும் தம்பியிடம் பேசினேன். வியாசர்பாடிக்காரர், பொறுமையானவர். அட்டைப் பெட்டியைப் பிரித்து, தேதி நெருங்கிய பாக்கெட்டை முன்னால் தள்ளி, புதியதைப் பின்னால் செருகுவார். ஒவ்வொரு தட்டிலும் ஸ்பிரிங்கின் இடைவெளி வேறு வேறு என்று அவர்தான் காட்டினார். சிப்ஸுக்கு அகலம், பிஸ்கட்டுக்குக் குறுகல். கடலை மிட்டாய் வைக்க முடியுமா என்று கேட்டேன். தட்டையாக இருப்பதால் சாய்ந்து ஸ்பிரிங்கில் மாட்டிக்கொள்ளும் என்றார். அப்புறம் அவரே யோசித்து, குறுகலான ஸ்பிரிங் போட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் ஒரு அட்டைத் துண்டு வைத்து நிமிர்த்தினார். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை வெட்டி மெஷின் மேல் ஒட்டினோம். காலையில் அது நன்றாகப் போகிறது. மத்தியானம் யாரும் சீண்டுவதில்லை, காரம்தான் கேட்கிறார்கள். உப்புக் கடலைப் பாக்கெட்டுக்கும் ஒரு தட்டு கிடைத்திருக்கிறது. சுண்டல் கேட்டார்கள், அது இந்த மெஷினில் கெட்டுவிடும். அவித்த முட்டை கேட்டார்கள். "அது மேலருந்து வுழுந்தா இன்னா ஆவும் அக்கா?" என்றார் தம்பி.

கொருக்குப்பேட்டைப் பெண்ணும் அவள் தோழிகளும்தான் என்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட அழைத்துப்போனார்கள். அங்கே சாயங்காலத்தில் குடும்பமாக, தோழிகளாக, பெண்கள் நின்று சாப்பிடுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, மெலிதாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், கையால் நொறுக்கிய தட்டை, புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், பூண்டு வறுத்த எண்ணெய் எல்லாம் சேர்த்து விரலாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே மிளகு போட்ட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் திணித்து, மேலே புளித் தண்ணீர் விட்டு ஒரே வாயில் போடச் சொன்னார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு காரம்.

கடையை நடத்தும் அம்மாவின் மாமியார் ரங்கூனில் பிறந்தவராம். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கிய பிறகு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறியவர்கள் அவர்கள். அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1969இல் பர்மா பஜார் என்ற கடைத்தெரு உருவானது. அவர்களையும் எல்லோரும் 'சொந்த ஊருக்கு வந்துட்டீங்க' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களில் பலர் அதற்கு முன் இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. தெரிந்த சமையலைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவில் நின்றார்கள். இன்றைக்கு அது வடசென்னைச் சாப்பாடு. அந்தக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்த நகரத்தில் எனக்கு முன்னால் இதே வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம் வந்தது. அந்த அம்மாவிடம் நான் சிங்கப்பூர் என்று சொன்னதும், ஒரு கரண்டி சூப் கூடுதலாக ஊற்றிவிட்டு, "பழகிடும். எங்க மாமியாருக்கே பழகிச்சே" என்றார்.

அன்றைக்கு அங்கே நின்றுகொண்டுதான் பெண்கள் பேச்சை எடுத்தார்கள்: இது மாதிரி சூடாக ஏதாவது காலையில் கல்லூரிக்குள்ளேயே கிடைத்தால் மெஷினிடம் யார் போவார்கள்? எங்கள் கல்லூரி உணவகம் பத்தரைக்குத்தான் திறக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினார்கள். நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன். வாசகம் முழுக்க அவர்களுடையது. ரயில் நேரங்களை அட்டவணையாகப் போட்டு, எந்த வண்டியில் யார் யார் வருகிறார்கள், எத்தனை பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று வகுப்புவாரியாகக் கேட்டுக் குறித்திருந்தார்கள். கல்லூரி முதல்வர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, உணவகத்தை நடத்தும் மகளிர் சுயஉதவிக் குழுவை வரச் சொன்னார்.

குழுவில் மூத்தவர் ஒரு நிபந்தனை போட்டார். மாவு வீணாகக் கூடாது, எத்தனை பேருக்கு இட்லி என்று முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள், மீஞ்சூர்ப் பெண்தான் அட்மின். ரயில் தாமதமானால் இட்லியை எடுத்து வைக்கவும் குழு அக்காக்கள் சம்மதித்துவிட்டார்கள். கல்லூரி திறந்ததும் ஜூன் மாதம் தொடங்குவதாகப் பேச்சு. மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முதல்வரிடம் தனியாகக் கேட்டிருக்கிறேன். மூன்று மணிக்கு உணவகம் மூடிவிடும், செய்முறை வகுப்பு முடிந்து ஐந்து மணி ரயிலுக்குப் போகும் பெண்களுக்கு அப்போதும் ஏதாவது வேண்டும்.